விண்டோஸ் 7-ல் டி, விண்டோஸ் 10-ல் ஈ: ஒரே டிஸ்க்குக்கு ஏன் இரண்டு எழுத்து?

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கு. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 120 ஜிபியை விண்டோஸ் 7-க்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டர்சன் தெரு கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து தருகிற பழைய சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது. மிச்சமுள்ள 811 ஜிபி இரண்டுக்கும் பொதுவான டேட்டா. எதில் நுழைவது என்பதை எஃப்12 தட்டித் தேர்வு செய்கிறார்கள். விண்டோஸ் 7-ல் டேட்டா டி டிரைவ். 10-ல் அதே டேட்டா ஈ. டி-யில் விண்டோஸ் 7 உட்கார்ந்திருக்கிறது. இப்போது 10-லும் டிசைன் சாஃப்ட்வேர் போட்டு, பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்தால் சாமி படம் முதல் பார்டர் வரை எதுவும் வருவதில்லை. எழுத்தை மாற்றினால் பூட் ஆகாமல் (விண்டோஸ் கிளம்பாமல்) போய்விடுமா என்று பயம். இரவில் விண்டோஸ் 10-ல் சேமித்த ஃபோல்டர் மறுநாள் 7-ல் காணாமல் போவதும் இதனால்தானா என்று கூடுதல் சந்தேகம்.

இவை இரண்டு தனி வியாதிகள். படம் வராதது எழுத்துக் கோளாறு. ஃபோல்டர் காணாமல் போவதற்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதுதான் ஆபத்தானது. அதைச் சரிசெய்யாமல் எழுத்தில் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10-ல் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. நீங்கள் திறந்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதித் தூங்க வைக்கும். அடுத்த நாள் சீக்கிரம் எழுந்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரே விண்டோஸ் இருக்கிற வீட்டில் இதனால் தொல்லை இல்லை. உங்கள் வீட்டிலோ, 10 தூங்கும்போது டேட்டா பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) எந்த ஃபோல்டர் எங்கே என்ற கணக்கைத் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே தூங்குகிறது. நடுவில் எஃப்12 தட்டி 7-ல் நுழைந்து நாலு ஃபைல் எழுதினால், 10 எழுந்ததும் தன் பழைய கணக்கை அதன்மேல் எழுதிவிடும். போதாததற்கு 8.1-உம் 10-உம் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் லாக் ஃபைலை (மாற்றங்களைக் குறிக்கும் பதிவேட்டை) 2.0 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். முறையாக அணையும்போதுதான் பழைய 1.1-க்குத் திருப்பி வைக்கும். அரைத்தூக்கத்தில் விட்டால் திருப்பி வைக்காது. விண்டோஸ் 7-க்கு 2.0 புரியாது. அதனால்தான் 7 கிளம்பும்போது டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்று நீல அல்லது கறுப்புத் திரையில் செக்டிஸ்க் ஓடுகிறது. அதில் உங்கள் ஃபோல்டர் 'ஃபவுண்ட் டாட் 000' என்ற பெயருக்குள் துண்டு துண்டாகப் போயிருக்க வாய்ப்புண்டு. ஹிட்டன் ஃபைல்களைக் காட்டச் சொல்லி டேட்டா டிரைவின் முதல் அடுக்கில் தேடிப் பாருங்கள்.

நிறுத்துவது இப்படி. விண்டோஸ் 10-ல் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு'. மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்' என்பதைத் தட்டினால்தான் கீழே உள்ள டிக் உயிர்பெறும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். இரண்டு விண்டோஸிலும் ஹைபர்னேட் பயன்படுத்தாதீர்கள்; ஸ்லீப்பில் போட்டுவிட்டு, கரன்ட் போய் வந்தபின் அடுத்த விண்டோஸில் நுழைவதும் அதே தவறுதான். வேறொருவர் கம்ப்யூட்டரில் செட்டிங்கை மாற்ற முடியாத நிலை என்றால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அந்த ஒரு தடவைக்கு முழுசாக அணையும். 'ரீஸ்டார்ட்' எப்போதுமே முழுசாகத்தான் அணைத்துக் கிளப்பும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் சுத்தமானது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நிஜம்.

இனி எழுத்துக்கு வருவோம். சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று எழுதியிருப்பார்கள். வீடு ஒன்றுதான், எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். டிரைவ் எழுத்தும் அப்படித்தான். அது டிஸ்க்கில் எழுதியிருப்பதில்லை. ஒவ்வொரு விண்டோஸும் தன் ரெஜிஸ்ட்ரியில் (செட்டிங்குகளின் களஞ்சியத்தில்), சிஸ்டம் கிளைக்குள் 'மவுண்டட் டிவைசஸ்' என்ற இடத்தில், தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 7-ன் பட்டியல் 10-க்குத் தெரியாது. இன்ஸ்டால் செய்கிற டிவிடி அல்லது பென்டிரைவிலிருந்து பூட் செய்து போட்ட விண்டோஸ், தான் இருக்கும் பார்ட்டிஷனை 'சி' என்று வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் தனக்குக் கண்ணில்பட்ட வரிசையில் டி, ஈ, எஃப் என்று வழங்கிவிடும். அதனால் இரண்டிலுமே சி என்பது 'நான்'. அதை மாற்ற நினைக்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கான ரெஜிஸ்ட்ரி வரிகளிலும் ஷார்ட்கட்களிலும் சி என்றே எழுதியிருக்கிறது. டிரைவ்களைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சி-யை மாற்ற விடாது.

அந்தப் பட்டியலின் ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தால் பல புதிர் விளங்கும். உங்களுடையது போன்ற, எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் உள்ள டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கு எதிரே 12 பைட் இருக்கும். உதாரணத்துக்கு: 71 30 58 92, அதையடுத்து 00 00 10 00 00 00 00 00. முதல் 4 பைட் அந்த டிஸ்க்கின் சிக்னேச்சர் எண். அடுத்த 8 பைட், பார்ட்டிஷன் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு, பின்னிருந்து முன்னாகப் படிக்க வேண்டும். மேலே உள்ளது 10,48,576 பைட், அதாவது சரியாக 1 எம்பி தள்ளித் தொடங்கும் பார்ட்டிஷன். பெயர் இல்லை, அளவு இல்லை, எந்த சாட்டா போர்ட்டில் மாட்டினீர்கள் என்பதும் இல்லை. ஆகவே கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் எழுத்து மாறாது. பார்ட்டிஷனைப் பின்பக்கம் நீட்டினாலும் மாறாது. முன்பக்கம் நீட்டினால் தொடக்கம் நகர்ந்துவிடும், விண்டோஸுக்கு அது புது ஆள், புது எழுத்து. ஜிபிடி என்ற புதிய முறையில் உள்ள டிஸ்க்கில் இந்த 12 பைட்டுக்குப் பதில் பார்ட்டிஷனுக்கே உரிய 16 பைட் அடையாள எண் இருக்கும், தத்துவம் அதேதான்.

பூட் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பூட் மெனு, எழுத்தை நம்பி இல்லை. அதுவும் டிஸ்க் அடையாளத்தையும் பார்ட்டிஷனையும்தான் குறித்து வைத்திருக்கிறது. மெனுவைப் பார்க்கும் கட்டளையில் 'பார்ட்டிஷன்=டி' என்று தெரிவது, பார்க்கிற விண்டோஸ் தன் பட்டியல்படி மொழிபெயர்த்துக் காட்டுவது. டேட்டாவின் எழுத்தை மாற்றுவதால் எதுவும் பூட் ஆகாமல் போகாது.

எந்த எழுத்தைப் பொது எழுத்தாக வைப்பது? புதுக் கம்ப்யூட்டர் என்றால் கூட்டமில்லாத 'எம்' என்ற எழுத்து போன்ற ஒன்றை வைக்கச் சொல்லலாம். உங்களுக்கு அது சரிவராது. வருஷக்கணக்கில் செய்த பத்திரிகைகளில் படத்தின் பாதை டி என்று பதிந்து கிடக்கிறது. ஆகவே 7-ல் டேட்டாவைத் தொடாதீர்கள். 10-ல் ஈ-யை டி ஆக்குங்கள்.

வேலை தொடங்குமுன், 10-ல் ஈ-யை நம்பி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ஈ-க்கு மாற்றியிருந்தால் (வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், லொகேஷன்) முதலில் சி-க்கே திருப்பிவிட்டு, எழுத்து மாறியபின் டி-க்குக் கொண்டுபோங்கள். அப்படியே மாற்றினால் டெஸ்க்டாப், இப்போது இல்லாத ஈ பாதையைத் தேடித் திணறும். பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) ஈ-யில் இருந்தால் எழுத்தை மாற்றும்போது 'த பேராமீட்டர் இஸ் இன்கரெக்ட்' என்று சம்பந்தமில்லாத ஒரு செய்தி வரும், காரணம் சொல்லாது. சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், வர்ச்சுவல் மெமரி போய் ஈ-க்கு 'நோ பேஜிங் ஃபைல்' கொடுத்து, 'செட்' தட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பையன் கேம் எதையாவது ஈ-யில் இன்ஸ்டால் செய்திருந்தால் அது பிறகு திறக்காது. அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதே குறைந்த தலைவலி.

இன்னொன்று, லேபிள் வையுங்கள். எழுத்து விண்டோஸின் பட்டியலில் இருக்கிறது. லேபிளோ டிஸ்க்கிலேயே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். வின்7, வின்10, டேட்டா என்று மூன்றுக்கும் பெயர் கொடுங்கள். என்டிஎஃப்எஸ்ஸில் 32 எழுத்துவரை இடம் உண்டு. தமிழிலும் வைக்கலாம்தான், ஆனால் விண்டோஸைப் பழுதுபார்க்கும் ரிக்கவரியின் கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது, அங்கேதான் லேபிள் அதிகம் தேவைப்படும். எனவே இதை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள்.

இப்போது விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். டி என்று காட்டுவது 120 ஜிபிதானா, லேபிள் வின்7-தானா என்று பார்த்துவிட்டு, அதன்மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', 'ரிமூவ்'. எழுத்தை நம்பிய புரோகிராம் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கும், 'யெஸ்' கொடுங்கள். உள்ளே இருப்பது எதுவும் அழியாது, 7 எப்போதும்போல் பூட் ஆகும். 10-ன் கண்ணுக்கு மட்டும் மறையும். பிள்ளைகள் தெரியாமல் அதற்குள் போய் எதையாவது அழிக்கிற வாய்ப்பும் போகும். ஒரே ஒரு ஜாக்கிரதை: அதே மெனுவில் 'ஃபார்மேட்'டும் 'டெலீட் வால்யூம்'மும் இருக்கின்றன. மௌஸ் வழுக்கினால் அழைப்பிதழ் அல்ல, இழப்பிதழ்.

டி காலியானதும் ஈ மேல் வலது கிளிக், அதே மெனு, இந்த முறை 'சேஞ்ச்', பட்டியலில் டி. ஏதாவது ஃபைல் திறந்திருந்தால், ரீஸ்டார்ட் வரை பழைய எழுத்திலும் போகலாம் என்று சொல்லும். சம்மதித்து, உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிவிடி டிரைவை இசட்-க்குத் தள்ளிவிடுங்கள். பிறகு 7-ல் நுழைந்து (கம்ப்யூட்டர் ஐகான் மேல் வலது கிளிக், மேனேஜ்) அங்கே தெரிகிற வின்10-ன் எழுத்தையும் எடுத்துவிட்டு, டிவிடியை அங்கும் இசட் ஆக்குங்கள். பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இருந்தால் இரண்டிலும் 'ஆர்' என்ற எழுத்தைக் கொடுங்கள். அடுத்த முறை மாட்டும்போதும் நினைவில் வைத்திருக்கும். கடைசியில் இரண்டு பக்கமும் சி நான், டி டேட்டா, ஆர் பேக்கப், இசட் டிவிடி. அவ்வளவுதான்.

மாற்றிய பிறகு 10-ல் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் இன்னமும் ஈ-யைக் கேட்டு அடம்பிடித்தால், கமாண்ட் ப்ராம்ப்டில் 'சப்ஸ்ட்' கட்டளைக்கு ஈ-யையும் டி-யையும் கொடுத்தால் ஈ என்று ஒரு போலி டிரைவ் உருவாகி டி-யையே காட்டும். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். பத்திரிகை டெலிவரி நாளில் இது போதும்.

100 எம்பியும் ஏறக்குறைய 500 எம்பியுமாக இரண்டு 'சிஸ்டம் ரிசர்வ்ட்' துண்டுகள் தெரிந்தால் சும்மா விட்டுவிடுங்கள். பூட் ஃபைல்கள் அதில்தான். அவற்றுக்கு எழுத்து வேண்டாம். பெரிய அப்டேட் சிலசமயம் தானாகக் கொடுத்துவிடும். 2018 ஏப்ரல் அப்டேட்டில் பலருக்கு ரிக்கவரி பார்ட்டிஷன் புது டிரைவாக முளைத்து, 'இடம் போதவில்லை' என்று ஓயாமல் கத்தியது. எழுத்தை ரிமூவ் செய்தால் போதும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரிமூவ் வராவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் வால்யூம், செலக்ட் வால்யூம் என்று எண்ணைக் கொடுத்து, ரிமூவ் லெட்டர் என்று எழுத்தைக் கொடுங்கள் (எல்லாம் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்). எண்ணை அளவோடு ஒப்பிட்டுவிட்டுத் தட்டுங்கள், டிஸ்க்பார்ட் இரண்டாவது தடவை கேட்காது.

எழுத்தைச் சரிசெய்த பிறகும் 7-ல் உருவாக்கிய சில ஃபோல்டர்களை 10 'அனுமதி இல்லை' என்று தடுக்கலாம். 7-ல் உள்ள 'அப்பா' என்ற யூசரும் 10-ல் உள்ள 'அப்பா'வும் பெயரில்தான் ஒன்று. உள்ளே வேறு வேறு எண். டேட்டா டிரைவின் ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டியில் 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' கொடுங்கள். இந்தக் குழுவின் எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றே, அதனால் இரண்டு பக்கமும் செல்லும். இதை டேட்டா டிரைவில் மட்டும் செய்யுங்கள்.

டேட்டா டிரைவ் ஒருநாள் சுத்தமாகக் காணவில்லை என்றால், எழுத்தைத் தேடுமுன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் அது கேபிள் அல்லது டிஸ்க் விவகாரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் சாட்டா கனெக்டரின் பல் கறுத்துப்போவது உண்டு. பவரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு முனையையும் கழற்றி மாட்டி, முடிந்தால் கேபிளையே மாற்றிப் பாருங்கள். டிஸ்க் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் 'ஆட்' கொடுத்து டி போடுங்கள். டிஸ்க் இருந்து, 'ரா' (உள்ளே உள்ள ஃபைல் அமைப்பு புரியவில்லை) என்று காட்டி, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் 'கேன்சல்'. 'இனிஷியலைஸ்' கேட்டாலும் 'கேன்சல்'. 'டைனமிக் டிஸ்க்' ஆக்கவா என்று கேட்டாலும் அதே பதில்தான், ஏனெனில் ஒரு விண்டோஸிலிருந்து அப்படி மாற்றினால் இன்னொன்று பூட் ஆகாமல் போகும்.

ஹார்ட் டிஸ்க்கைப் புது எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். குளோனில் சிக்னேச்சரும் அப்படியே பிரதியாகும். ஒரே சிக்னேச்சரோடு இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போடும். அதை ஆன்லைன் ஆக்கினால் அதன் சிக்னேச்சரை மாற்றிவிடும், அதை நம்பிய எழுத்தும் பூட் வரியும் போச்சு. குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே முதல் பூட் செய்யுங்கள்.

அதையும் மீறி 7 தன்னை டி என்று நினைத்துக்கொண்டு, லாகின் ஆனதும் வெற்று நீலத் திரையில் நின்றால், இரண்டு விண்டோஸ் இருப்பது அப்போது கைகொடுக்கும். வின்7 பார்ட்டிஷனுக்கு 10-ல் தற்காலிகமாக ஓர் எழுத்து கொடுங்கள். 10-ன் ரெஜ்எடிட்டில் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவியில்) லோக்கல் மெஷின் கிளையைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'லோட் ஹைவ்' (ஹைவ் என்றால் ரெஜிஸ்ட்ரி ஃபைல்). வின்7-க்குள் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று போய் 'சிஸ்டம்' என்ற ஃபைலை எடுத்து, 'பழசு' மாதிரி ஒரு பெயர் கொடுங்கள். அதற்குள் மவுண்டட் டிவைசஸ். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, டாஸ்டிவைசஸ் என்று தொடங்கும் வரிகளை அழியுங்கள். பிறகு 'அன்லோட் ஹைவ்', இதை மறந்தால் ஃபைல் பூட்டியே கிடக்கும். 7 அடுத்த முறை கிளம்பும்போது பட்டியலைப் புதிதாக எழுதி, தன்னைச் சி ஆக்கிக்கொள்ளும். டேட்டாவுக்கு மட்டும் டி-யைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரலாம். இந்த வைத்தியத்தைத் தலைகீழாக, 7-லிருந்து 10-க்குச் செய்யாதீர்கள்; 10-ன் ஹைவ் வடிவம் புதியது. 10-க்கு அதன் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் வரும் ப்ராம்ப்டிலிருந்து ரெஜ்எடிட் திறக்கலாம்.

அந்த ப்ராம்ப்டில் ஒரு பொறி இருக்கிறது. ரிக்கவரி என்பது மூன்றாவது ஒரு விண்டோஸ், அதற்கும் தனிப் பட்டியல். தன்னை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தன் இஷ்டத்துக்கு எழுத்து கொடுக்கும். அங்கே சி என்பது உங்கள் 100 எம்பி துண்டாகவும் இருக்கலாம், டேட்டாவாகவும் இருக்கலாம். செக்டிஸ்க்கோ ஃபார்மேட்டோ தட்டுமுன் லிஸ்ட் வால்யூமில் லேபிளைப் பாருங்கள்.

7-க்கு 2020 ஜனவரி 14-டன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதில் இருக்கும்போது நெட் கேபிளைக் கழற்றிவிட்டு டிசைன் வேலை மட்டும் பாருங்கள். 10-ன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-டன் முடிந்தது. அதன் இடத்தில் நாளைக்கு உபுண்டு (லினக்ஸ்) போட்டால், அங்கே எழுத்தே கிடையாது. டேட்டா பார்ட்டிஷனை எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியலில்) அதன் தனி அடையாளமான யூயூஐடி எண்ணால் குறியுங்கள், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் வேண்டாம், அது பூட்டுக்குப் பூட் மாறக்கூடியது. வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாத நாளிலும் உபுண்டு நிற்காமல் எழுந்துவிடும். உபுண்டுவிலிருந்து வந்தபின் விண்டோஸ் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கித் தெரிந்தால் பேட்டரி வாங்க ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் லோக்கல் ஆர்டிசி-யை 1 ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும்.